உன் போன் வராமல் தொடக்கூடாது

மல்லாட்டைத் தோல் தூசியின் வாசனை. இன்று திண்டிவனம் வேர்க்கடலை மண்டியில், நாம் வைத்துக்கொடுத்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததுமே மூக்கில் ஏறிவிட்டது. தும்மினேன். "நூறு" என்று சொல்லி முதுகில் தட்ட நீ இல்லை.

விழுப்புரத்து மாடியறையில் நாம் இரண்டு பெண்களும் கணக்கு மென்பொருள் எழுத ஆரம்பித்தபோது, விற்றுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். நீதான் தலையில் குட்டினாய். நம் மென்பொருளோடு, கணக்கைச் சேமித்து வைக்கும் ஒரு டேட்டாபேஸ் எஞ்சினும் கடைக் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கடைக்காரருக்கு அது இருப்பதே தெரியாது. தானாக வரும் அப்டேட்டும் அதைத் தொடாது. அதில் திருடர்கள் நுழைய ஓட்டை இருக்கிறது என்று அறிவிப்பு வந்தால், அதை அடைக்கும் பேட்ச் கொண்டுபோய்ப் போட வேறு யார் இருக்கிறார்கள்? "வெச்சது நாம. அடைக்கவும் நாமதான்டி போவணும். ஜல்தியா கெளம்பு!" என்பாய்.

ஒருமுறை எவனோ நம் ஆபீஸ் பெயரைச் சொல்லி ஓர் அரிசி மில்லில் பென் டிரைவைச் செருகி, மொத்தக் கணக்கையும் பூட்டிவிட்டுப் போனான். நாம் பட்ட பேஜாரு கொஞ்சமா? அன்றைக்கு நீ போட்ட சட்டம்தான்: ஒருத்தி நேரில் போவாள், இன்னொருத்தி ஆபீஸிலிருந்து கடைக்குப் போன் செய்வாள். போன் வராமல் யாரையும் தொட விடக்கூடாது. பெரும்பாலும் போனவள் நான், பேசியவள் நீ.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பாவி, இப்படியா என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போவாய்? கடைகளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. இப்போது புதிய ஓட்டை, புதிய பேட்ச். போகாமல் இருக்க முடியுமா?

மண்டிக்காரர் மவுஸ் மேல் கையை வைத்து மறித்துக்கொண்டார். "அந்த மேடம் போன் வரலியே? வராம தொட வுடாதீங்கன்னு அவங்கதானே சொல்லிக்கினு இருந்தாங்க?"

"இனிமே வராதுங்க. அவங்க தவறிட்டாங்க."

அவர் டீ சொல்லி அனுப்பினார். குடித்து முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப இனிமே யாரும்மா போன் பண்ணுவாங்க?"

"நான்தாங்க."

"வர்றதும் நீங்கதானே?"

பேட்ச் இருந்த பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். பேட்ச் ஓடி முடிந்தது. பஸ்ஸில் விழுப்புரம் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அடுத்தது திருவாமாத்தூர் ரோட்டு அரிசி மில், அன்றைக்குக் கணக்கைப் பறிகொடுத்த அதே மில். எதிரே புளியமரத்தடியில் நின்றேன். உள்ளே போய் விஷயத்தைச் சொல்லி, வேலையை முடித்திருக்கலாம். ஆனால் உன் சட்டத்தை மீற எனக்கு மனசு வரவில்லையடி. போனை எடுத்தேன்.

"ஆபீஸ்லேர்ந்து பேசறேங்க. நம்ம மேடம் வர்றாங்க. சிஸ்டத்தைத் தொட வுடுங்க."

மில்காரர் கேட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தார். காதில் போனோடு என்னையே பார்த்தார்.

"சரிங்க மேடம்," என்றார். "வரச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்தேன்.