நம்மாளு பேசாத வசனம்

வாயில் சூட மிட்டாய் கரைந்துகொண்டிருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு எதிர்க் கடையில் வாங்கினேன். மேடை ஏறும் முன்பும், ரயிலில் என்னோடு சண்டைக்கு நிற்கும் முன்பும் நீ ஒன்றை எடுத்து வாயில் போடுவாயே, அதே மிட்டாய்தான். உனக்கு அது தொண்டையைத் திறந்துவிடும். எனக்கு நாக்குதான் எரிகிறது. மேடைக்குப் பின்னால் மணமகள் அறையில் உட்கார்ந்து, பொங்கல் விழா நோட்டீஸின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். எழுதினால் பயம் தெளியும் என்று நினைத்தேன். எழுத்துதான் கோணல்மாணலாக வருகிறது.

பொங்கலுக்காக விசைத்தறிகள் எல்லாம் நின்றிருக்கின்றன. நகரியில் இப்படி ஓர் அமைதி எப்போதாவதுதான் வரும், அது இன்றைக்குப் பார்த்து வந்திருக்கிறது. வெளியே யார் இருமினாலும் இங்கே கேட்கிறது. யாராவது சிரித்தால், உன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்த வருஷமும் பட்டிமன்றம் நம் அபிமான நடிகர், நம்மாளைப் பற்றித்தான். தலைப்புகூட மாறவில்லை: அவர் புகழுக்குக் காரணம் உளவாளி வேடங்களா, மற்ற வேடங்களா? போன வருஷம் சண்டை சரியாக முடியவில்லை என்று ரசிகர்கள் பிடிவாதம் பிடித்து மறுபடியும் அதையே வைத்துவிட்டார்கள். ‘மற்ற வேடங்கள்’ பக்கத்தில் உன் நாற்காலி காலியாக இருந்தது. அவளோடு வருஷக்கணக்கில் ரயிலில் வாதாடியவள் இவள்தான் என்று யாரோ சொல்ல, என்னைப் பிடித்து அதில் உட்கார வைத்துவிட்டார்கள். மைக்கைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று நம்புகிற என்னை! அதுவும் நான் எந்தக் கட்சி என்று உனக்குத் தெரியாதா?

திருப்பதி புடவைக் கடைக்கு நாம் ஒன்றாக வேலைக்குப் போன காலமெல்லாம் வேறு என்ன பேசினோம்? காலையில் நகரியில் ஏறினால் புத்தூர் வருவதற்குள் நீ ஆரம்பித்துவிடுவாய். நாள் முழுக்க நின்று புடவை விரித்துப் போட வேண்டிய கால்களுக்கு முன்கூட்டியே ஓய்வு என்று, பெண்கள் பெட்டியில் கீழேயே சம்மணம் போட்டு உட்காருவாய். மிட்டாய் வாய்க்குள் போகும். நானும் தயாராகிவிடுவேன்.

“உளவாளின்னா இன்னாடி? மூஞ்சில ஒண்ணும் காட்டக் கூடாது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கினு, கோட்டு போட்டுக்கினு, மாடிக்கு மாடி தாவிக்கினு கீறாரு. இதுல நடிப்பு எங்க கீது?” என்பாய்.

“காட்டாம இருக்கறதுதான்டி நடிப்பு. உள்ள அத்தினி கீது, வெளிய ஒண்ணும் தெரியக் கூடாது. உன்னால முடியுமா?”

“என்னால ஏன் முடியணும்? நானு இன்னா உளவாளியா?”

சுற்றி இருந்த பெண்கள் சிரிப்பார்கள். ரேணிகுண்டாவில் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றால் சண்டை இன்னும் முற்றும். பாட்டு வாத்தியார் வேடம் அவருக்கு எடுபடவில்லை என்று நான் சொல்வேன். வில்லனாக வந்த படத்தை நீ இழுப்பாய். வயசான பிறகு அந்தக் கோட்டு அவர் மேல் தொளதொள என்று தொங்குகிறது என்று நீ குத்துவாய், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கடைசியில் நீ அந்தப் பஞ்சர் கடை அப்பாவிடம் வந்து நிற்பாய். எப்போதும் அங்கேதான் வந்து நிற்பாய்.

மகள் படிப்பதற்காக வெளியூர் கிளம்புகிறாள். பஸ் வந்து நிற்கிறது. பஞ்சர் கடை வைத்திருக்கிற அப்பா அவளைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு, நமக்கும் முதுகைக் காட்டியபடி, தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறார். அவ்வளவுதான் காட்சி.

“அப்ப சொல்றாரு பாரு, ‘போய்ட்டு வாம்மா’ன்னு. ‘வா’ கிட்ட வர்றப்போ கொரலு ஒடஞ்சி பூடுது. அந்த ஒரு ‘வா’வுக்கு உன் உளவாளிங்க அத்தினி பேரும் ஈடாவ மாட்டாங்க.”

“அவரு அங்க பேசவே இல்லடி. வாயே தொறக்கல.”

“பேசனாரு. என் காதால கேட்டேன்.”

“கனவுல கேட்டிருப்ப.”

மற்ற எதற்கும் சிரிக்கிற நீ இதற்கு மட்டும் சிரிக்க மாட்டாய். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். திருப்பதியில் இறங்கியதும் எல்லாம் மறந்து, என் டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று கேட்பாய்.

போன காணும் பொங்கலன்று அதையே இந்த மேடையில் சொன்னாய். சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக ஒரு மூச்சு நிறுத்தினாய். வந்தது சிரிப்பு. எதிரணியில் இருந்த செல்போன் கடைக்காரர் எழுந்தார். “எம்மா, அந்தப் படத்த திருத்தணில அஞ்சி வாட்டி பாத்துக்கிறேன். அவரு அங்க ஒரு வார்த்த பேசல. நீங்களே வசனம் எழுதி, நீங்களே அழுதுட்டீங்க” என்றார். மண்டபமே உருண்டு புரண்டது. நடுவராக இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியரும், “கற்பனைக்கு ஓர் எல்லை வேண்டாமா அம்மா?” என்று தன் பங்குக்கு ஒரு போடு போட்டார். நீ மைக்கை விடாமல், “இல்லீங்க, பேசனாரு, நானு புத்தூர்ல பாத்தேன்” என்றாய். புத்தூர் என்றதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. முன்வரிசையில் இருந்த நானும் வாங்கவில்லை.

அதோடு உனக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் வந்தது. நீ கடைத்தெருவில் போனால் பின்னாலிருந்து “போய்ட்டு வாம்மா” என்று ஒரு குரல் வரும். யாராவது கதை அளந்தால், “நீ இன்னா, போய்ட்டு வாம்மாவா?” என்பார்கள். நீ சிரித்துக்கொண்டே போனாய். ஆனால் ரயிலில் மிட்டாய் எடுப்பதை நிறுத்திவிட்டாய். ஆடியில் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. உன் வீட்டு வாசலில் போட்ட சாவுப் பந்தலில்கூட யாரோ அதை முணுமுணுத்தார்கள். சித்தூரில் நர்ஸாக இருக்கும் உன் மகள், தலைக்குப் பின்னால் கேட்ட அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவளும் இன்றைக்கு வந்திருக்கிறாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். கதவிடுக்கில் பார்த்தேன்.

இப்போது உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு, பேச்சுக்குத் தயார் செய்யலாம் என்று அந்தப் படத்தைப் போனில் தேடினேன். தெலுங்கில்தான் கிடைத்தது. இருக்கட்டும், பார்த்த படம்தானே என்று ஓடவிட்டேன். பஸ் வந்தது. அவர் திரும்பினார். முதுகு தெரிந்தது. “போயி ரா, தல்லீ” என்று ஒரு குரல். உன் ‘வா’தான் தெலுங்கில் ‘ரா’. அந்த ‘ரா’வில் உடைந்தது.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முகம்தான் தெரியவில்லையே, உதடு ஒட்ட வேண்டிய கஷ்டமும் இல்லை என்று தெலுங்கில் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்கள். தமிழில் அது இல்லவே இல்லை. நான் திருத்தணியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது தமிழில் பார்த்தேன். நீ புத்தூரில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது தெலுங்கில் பார்த்தாய். தெலுங்கில் கேட்டதை உன் மனசு தமிழாக்கி வைத்துக்கொண்டது. உனக்கே அது தெரியாது. ஆந்திராவில் இருந்துகொண்டு தமிழ் பேசுகிற நம் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியும்? சந்தையில் தெலுங்கில் பேரம் பேசிவிட்டு வீட்டில் வந்து தமிழில் சொல்கிறோம், எதை எந்த மொழியில் கேட்டோம் என்று யார் யோசிக்கிறார்கள்? ஒரே படத்தைப் பார்த்தோம் என்று நம்பிக்கொண்டு, இத்தனை வருஷம் ரயில் பெட்டியை அதிர வைத்திருக்கிறோம்.

முதலில் சந்தோஷமாக இருந்தது. நீ பொய் சொல்லவில்லை என்று ஓடிப்போய் ஊருக்கே சொல்ல வேண்டும் போல இருந்தது. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. நீ கேட்ட குரல் நம்மாளுடையதே இல்லை. டப்பிங் பேசியவருடையது. உன் கட்சியின் பெரிய ஆயுதமே அந்தக் குரல்தான். அதை நான் சொன்னால் நீ பொய்க்காரி இல்லை என்று ஆகும், ஆனால் உன் கட்சி தோற்கும். சொல்லாமல் வேறு நாலு படத்தைப் பேசினால் ஒருவேளை ஜெயிக்கலாம், நீ காலத்துக்கும் ‘போய்ட்டு வாம்மா’வாகவே இருப்பாய். நீ உயிரோடு இருந்து எதை வேண்டும் என்று கேட்டால், ரெண்டும்தான் என்று அடம் பிடிப்பாய். என்ன செய்யட்டும், சொல்லேன். கதவைத் தட்டுகிறார்கள்.

*

மிச்சத்தைப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேடையில் ஏறியதும், தயார் செய்தது ஒன்றுகூட நினைவில் இல்லை. உன் மகள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. “பஞ்சர் கட படத்த தெலுகுல பாத்தவங்க கைதூக்குங்க” என்றேன்.

ஒரு கைகூட எழவில்லை. பொங்கல் விழா, தமிழ் மேடை, தமிழ் நடிகர். அவரைத் தெலுங்கில் பார்த்தேன் என்று இங்கே யார் ஒப்புக்கொள்வார்கள்? பக்கத்தில் எது ஓடுகிறதோ அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் பாதிப் பேர், ஆனால் சபையில் சொல்லக் கூச்சம்.

கடைசியில் ஒரு கை எழுந்தது. கோயில் வாசலில் பூக்கட்டுகிற அம்மா. “நானு சித்தூர்ல எம் பொண்ணு வூட்டுக்குப் போனப்போ பாத்தேன். ‘போயி ரா தல்லீ’ன்னுவாரு. நாங்க அல்லாரும் அழுதுட்டோம்” என்றார். அந்தம்மா உட்காரவில்லை, அதற்குள் இன்னொரு கை. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. போன வருஷம் இதே மண்டபத்தில் இவர்கள் எல்லாரும் இருந்தார்கள், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் பயம் போய்விட்டது.

“போன வருசம் இதே எடத்துல ஒருத்திய சிரிச்சே அனுப்பனீங்க. அவ கேட்டதத்தான் சொன்னா” என்றேன். அவ்வளவு சத்தமாக நான் என் வீட்டில்கூடப் பேசியதில்லை.

செல்போன் கடைக்காரர் சும்மா இருப்பாரா? எழுந்துவிட்டார். “சரிம்மா, ஒத்துக்கறேன். அவங்க பொய் சொல்லல. ஆனா அது நம்ம ஆளு கொரலே இல்லியே! யாரோ பேசனத்துக்கு இவருக்கு எப்பிடிப் பேரு குடுக்கறது?”

நான் பயந்த கேள்வி அதேதான். பதில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. “கொரலு யாருதோ. முதுகு அவருதுதான். அந்த முதுகப் பாத்துக்கினுதான் பேசனவருக்கே தொண்ட அடச்சிருக்கும்” என்றேன்.

நல்ல கைதட்டல். ஆனாலும் தோற்றோம். ‘உணர்ச்சி வேறு, வழக்கு வேறு’ என்று நடுவர் தீர்ப்பை உளவாளிக்கே கொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் நான் கட்சி கட்டிய உளவாளி ஜெயித்துவிட்டார், எனக்கு அழுகை வந்தது. தீர்ப்பைச் சொல்லிவிட்டு நடுவர் உன் பெயரைச் சொன்னார். உன் சொந்தப் பெயரை. போன வருஷம் தான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றார். உன் மகள் எழுந்து நின்று, எதற்கென்று தெரியாமல், எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

அவளைச் சித்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட வந்தேன். கார்வேட்டிநகரம் வழியாகப் போகிற பஸ் தாமதம். “சின்னம்மா, அந்த சீன போடு” என்றாள். ஆளுக்கு ஒரு காதில் இயர்போனை வைத்துக்கொண்டு இதே பெஞ்சில் பார்த்தோம். ‘ரா’ வந்தபோது என் கையைப் பிடித்தாள். “அம்மா சொன்ன அதே எடத்துல ஒடயுது பாரு” என்றாள். பாக்கி இருந்த சூட மிட்டாய்களை அவள் பையில் போட்டேன். சிரித்தாள். உன் பல்வரிசை அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது.

பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். அவளைப் பார்க்க முடியவில்லை. சட்டென்று திரும்பி, பெஞ்சில் கிடந்த என் பையில் எதையோ தேடுகிறவள் போலக் கையை விட்டுத் துழாவிக்கொண்டு, “போய்ட்டு வாம்மா” என்றேன்.

நான் உளவாளிக் கட்சி அல்லவா, ஒன்றும் காட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இருந்தேன். ‘வா’வில் உடைந்துவிட்டது.