இரண்டு டிகிரி கழித்து

மே 6
காலை ஆறு மணிக்குப் படகுத்துறையில் வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு வெப்பமானியைப் போட்டேன். முப்பத்துமூன்று! கடல் அவ்வளவு சுடுமா? போன வருஷம் வெப்பமானியைச் சட்டைப் பையில் வைத்திருந்து, என் உடம்புச் சூட்டைக் கடல் கணக்கில் எழுதியவன் நான். "காய்ச்சல் கடலுக்கா, உங்களுக்கா?" என்று மீன்வளத்துறை ஆபீசரம்மா கேட்டதைத் துறை முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். அதனால் இரண்டைக் கழித்துப் பலகையில் முப்பத்தொன்று என்று எழுதிவிட்டேன். எட்டாம் வகுப்புப் படிப்பு இதற்காவது உதவட்டும்.

மே 7
மறுபடி முப்பத்துமூன்று. மறுபடி கழித்தல்.
மகள் படகிலிருந்து கத்தினாள். "இன்னிக்கு எவ்வளவுப்பா?"
"முப்பத்தொண்ணும்மா."
"அப்ப கயிறு மேலயே கெடக்கட்டும்."
முப்பத்திரண்டைத் தாண்டினால்தான் சிப்பி வளர்க்கும் கயிறுகளை ஆழத்துக்கு இறக்குவாள். ஆழத்தில் சூடு குறைவு, ஆனால் தீனியும் குறைவு, சிப்பி பெருக்காது. கடை வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவள். அடுத்த வாரம் முதல் அறுவடை.

மே 9
அதேதான். வெப்பமானி பழுது என்று ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினேன்.

மே 11
மகள் கயிற்றைத் தூக்கினாள். சிப்பியெல்லாம் வாயைப் பிளந்து கிடந்தன. ஒரு கயிறு, பத்துக் கயிறு, எல்லாக் கயிறும். அவள் அழவில்லை. "முப்பத்தொண்ணுல சாகாதேப்பா" என்றாள். நான் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவிய வாளி.

மே 12
ஆபீசரம்மா புது வெப்பமானியோடு வந்தார். இரண்டையும் ஒரே வாளியில் போட்டோம். இரண்டிலும் முப்பத்துமூன்று.
"பழசு நல்லாத்தானே இருக்கு?"
நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான்—

மே 13
சாப்பிட்டேன். வேலைக்குப் போனேன்.

மே 14
மகள்கிட்ட சொல்லிட்டேன். கத்துவாள்னு நெனச்சேன். கத்தியிருக்கலாம்.
"எத்தனை நாளாப்பா கழிச்சே?"
"அஞ்சு நாள்."
கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிப்பி கிழித்த கை.
"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சிரிச்சிருக்க மாட்டேன்."

ஜூன் 2
மகளுக்கு அட்டைப்பெட்டி ஆலையில் வேலை கிடைத்துவிட்டது. பேருந்து வரை பெட்டியைத் தூக்கிப் போனேன். "கனமா இருக்காப்பா?" என்றாள். இல்லை என்றேன். அவள் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கி ஊர்ப் பெயரைப் படித்துப் பார்த்தேன். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் அங்கே யாருக்கும் சொல்லத் தெரியாது.