கோபுர வாசலில் போட்டுப் பார்த்த சட்டை

மேலகரம்,
10 மார்ச் 2024

அன்புள்ள ஷஹானா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நம் சட்டையைப் போட்டுக்கொண்டேன். காபிகூடக் குடிக்கவில்லை. பார்சல் நேற்று மாலையே வந்துவிட்டது. ஐந்தும் வந்திருக்கின்றன: நுங்கு, நாவல், மங்குஸ்தான், ரம்புட்டான், பலா. நான் நோட்டில் வரைந்தது துணியில் வந்து நிற்பதைப் பார்த்ததும் என்னவோ செய்தது. கல்லூரியில் தாவரவியல் ரெக்கார்டு நோட்டுக்கு நீ எனக்குப் பென்சில் சீவிக் கொடுத்தது நினைவு வந்தது.

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன, வீட்டுக்குள்ள பழக்கடையா?" என்றார். அவருக்கு இன்னும் நம் கடை புரியவில்லை. துணியே வாங்காமல் எப்படித் துணிக்கடை என்கிறார். யாராவது கேட்டால்தான் திருப்பூர்க்காரர்கள் ஒரு சட்டையில் படத்தை அச்சடித்து நேரே அவர்கள் வீட்டுக்கு அனுப்புவார்கள், நம் கையில் ஒன்றுமே தங்காது என்று நாலாவது தடவையாகச் சொன்னேன். "அப்போ நீங்க ரெண்டு பேரும் என்னதான் செய்யுதிய?" என்று கேட்டார். நான் வரைகிறேன், ஷஹானா ஷார்ஜாவில் உட்கார்ந்து இணையத்தில் கடையை நடத்துகிறாள், சரியா இல்லையா என்று நான் போட்டுப் பார்த்துச் சொல்வேன் என்றேன்.

பலாவைப் போட்டுக்கொண்டு தென்காசிக்குப் போனேன். கோயில் கோபுர வாசலில் அரை மணி நேரம் நின்றேன். எந்த வெயிலிலும் அங்கே வீசுகிற அந்தக் காற்றைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டாம். பூக்காரி செண்பகவல்லி பார்த்துவிட்டு, "என்னக்கா, பலாப்பழத்த நெஞ்சுல கட்டிக்கிட்டு நிக்கிய? ஈ மொய்க்கப் போவுது!" என்றாள். பிறகு அவளே துணியைப் பிடித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

குளுகுளுவென்று இருக்கிறது, ஷஹானா. கோடைக்கு ஏற்ற துணிதான். நீ சொன்னபடி படம் பெரிதாகவே இருக்கட்டும். சித்திரை ஒன்றாம் தேதி ஐந்தையும் கடையில் போட்டுவிடலாம்.

நோன்பு தொடங்கப் போகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
அனுசியா

---

ஷார்ஜா,
14 மார்ச் 2024

என் அனு,

உன் மெயிலை மூன்று முறை படித்தேன். போனில் பேசினால் நாம் சண்டை போடுவோம், எழுதினால் ஒழுங்காக இருப்போம் என்று நீ வைத்த சட்டம் நல்ல சட்டம்.

எனக்கும் பார்சல் வந்தது. மங்குஸ்தானை மகள் எடுத்துக்கொண்டாள், கழற்ற மாட்டேன் என்கிறாள். பலா எனக்கு. வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நோன்புக் கஞ்சி காய்ச்சினேன்.

இப்போது உனக்கு மட்டும் ஒன்று. இவரிடம் ஊருக்கே திரும்பிப் போகும் பேச்சை மறுபடி எடுத்தேன். இந்த முறை கோபப்படவில்லை. "இந்தக் கோடையில கடை சொந்தக் கால்ல நிக்கட்டும். நின்னுட்டுன்னா ஜூன்ல நீயும் புள்ளையும் தென்காசிக்குப் போங்க, நான் பின்னால வாரேன். நிக்கலைன்னா இந்தப் பேச்ச இனி எடுக்கப்படாது" என்றார். பத்தொன்பது வருஷத்தில் யூசுப் வாயிலிருந்து 'போங்க' என்று வந்தது இதுதான் முதல் தடவை.

ஏப்ரலில் இங்கே புது வகுப்பு. மகளுக்குப் புத்தகம் வாங்கவில்லை. ஜூனில் அங்கே சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சிரிக்காதே.

துணி உனக்குச் சரி என்றால் எனக்கும் சரி. வேறு யாரிடமும் நான் கேட்கப்போவதில்லை.

ஷஹானா

---

மேலகரம்,
7 ஏப்ரல் 2024

அன்புள்ள ஷஹானா,

இதை எழுத நாலு நாளாகத் தள்ளிப்போட்டேன்.

என்னோடு கல்லூரி ஆபீஸில் வேலை பார்க்கும் ஜெபமலருக்குப் பலாச் சட்டையைக் கொடுத்திருந்தேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு தேர்தல் வேலைப் பயிற்சிக்கு ஆலங்குளம் போய்விட்டு வந்தாள். வந்ததும் என் மேஜைமேல் பையைப் போட்டுவிட்டு, "ஏட்டி அனு, இது சட்டையா அடுப்பா? நெஞ்சுல ரப்பர் ஷீட்ட வச்சு ஒட்டுன மாதிரி இருக்குட்டி. பாவூர்சத்திரம் தாண்டங்குள்ள உன் பலாப்பழம் பழுத்து வடிஞ்சிட்டு" என்றாள். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் மத்தியானம் நானே நுங்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆலங்குளம் பஸ் ஏறினேன். அவள் சொன்னது குறைவு. படம் இருக்கிற இடத்தில் காற்றே நுழையவில்லை. படம் பெரிதாக இருக்க இருக்க வேக்காடும் பெரிதாகிறது. ஒரு கோடைச் சட்டையை எங்கே கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்திருக்கிறேன் பார். கோபுர வாசல் காற்றில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றாலும் குளுகுளுவென்றுதான் இருக்கும். இந்த முட்டாள்தனம் தென்காசிக்காரிக்கு மட்டும்தான் வரும் என்று சொல்லிச் சிரித்துவிடலாம்.

ஆனால் அது முழு உண்மை இல்லை. அன்றைக்குக் கோபுர வாசலைவிட்டு வெளியே வந்து, ரத வீதி வெயிலிலும் பத்து நிமிஷம் நின்றேன். சட்டை நெஞ்சோடு ஒட்டியது. எனக்குத் தெரிந்தது. திரும்ப உள்ளே போய்க் காற்றில் நின்றேன். உனக்கு எழுதும்போது உள்ளே நின்றதை மட்டும் எழுதினேன்.

ஏன் என்று இந்த நாலு நாளும் என்னையே கேட்டுக்கொண்டேன். சரியில்லை என்றால் கடை தள்ளிப்போகும், கடை தள்ளிப்போனால் நீ வருவதும் தள்ளிப்போகும். யூசுப் சொன்னது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் நீ வரப் பார்க்கிறாய் என்று தெரியும். நீ வர வேண்டும் என்பதற்காக, உன்னிடமே பொய்யாக ஒரு சட்டையை நல்ல சட்டை என்றேன். உன் பதிலைப் படித்த அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். அன்றும் சொல்லவில்லை.

சித்திரை ஒன்றுக்கு வேண்டாம், ஷஹானா. வாங்குகிறவர்கள் கோபுர வாசலில் குடியிருக்கவில்லை. மதுரையிலும் சென்னையிலும் பஸ்ஸில் போகிறவர்கள். நிறுத்திவிடு.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பதில் மட்டும் எழுது.

அனுசியா

---

ஷார்ஜா,
11 ஏப்ரல் 2024

அனு,

பெருநாள் நேற்று முடிந்தது. விருந்தாளிகள் இருந்ததால் உடனே எழுத முடியவில்லை.

சித்திரை ஒன்றுக்கு ஏற்றி வைத்திருந்த ஐந்தையும் கடையிலிருந்து எடுத்துவிட்டேன். கடையையும் மூடி வைத்திருக்கிறேன். இவர் கேட்டார், சொன்னேன். மறுநாள் மகளுக்குப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். அவ்வளவுதான்.

குற்றம் உன்னுடையது மட்டும் இல்லை. நானும் ஏசி ஓடுகிற வீட்டுக்குள்தான் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் தெருவில் இறங்கி நடந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் ஏன் இறங்கவில்லை தெரியுமா? நீ நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய்.

மார்ச் பத்தாம் தேதியே ஒரு வரி எழுதியிருந்தால் படத்தை உள்ளங்கை அளவுக்குக் குறைத்திருப்போம். ஒரு மாதம் இருந்தது நம்மிடம். நான் வர வேண்டும் என்று உனக்கு இருந்த ஆசையை நான் எங்கே கொண்டு வைப்பது, சொல்லு. அதுதான் என்னை இங்கேயே இருக்க வைத்துவிட்டது.

கொஞ்ச நாள் எழுத மாட்டேன். தப்பாக நினைக்காதே.

ஷஹானா

---

மேலகரம்,
5 மே 2024

அன்புள்ள ஷஹானா,

போன மாதம் அங்கே பெருமழை பெய்து தெருவெல்லாம் வெள்ளமானபோது பதறிப்போய்ச் செய்தி அனுப்பினேன். 'நலம்' என்று ஒரு சொல் அனுப்பியிருந்தாய். அதை வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டியாயிற்று. நீ இன்னும் எழுத ஆரம்பிக்கவில்லை. நான் எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

படங்களைச் சின்னதாக வரைந்துவிட்டேன். நுங்கு, நாவல், மங்குஸ்தான் மூன்றும் உள்ளங்கை அளவு, இடது ஓரமாக, இடுப்புக்குப் பக்கத்தில். ரம்புட்டான் சின்னதானால் முள்ளெலி மாதிரி இருக்கிறது, விட்டுவிட்டேன். பலாவைச் சின்னதாக்க முடியாது. துணியும் மாற்றச் சொல்லி, இருப்பதிலேயே மெல்லிய பருத்தியில் அச்சடித்து வாங்கினேன். கோபுர வாசல் பக்கம் போகவே இல்லை. ஆலங்குளம் பஸ்ஸில் மூன்று நாள், மத்தியானம் ஒரு மணிக்கு, மூன்றையும் போட்டுப் பார்த்தேன். கண்டக்டர் மூன்றாவது நாள், "யக்கா, ஆலங்குளத்துல இறங்கி இதே பஸ்ல திரும்புதிய. வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இருப்பதை இருக்கிறபடி எழுதுகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறது. நடுவில் நின்றால் வேர்க்கிறது. ஒட்டவில்லை. இரண்டு தடவை துவைத்ததில் நாவலின் ஊதா கொஞ்சம் மங்கிவிட்டது, மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஜெபமலர் நுங்கைப் போட்டுப் பார்த்து, "இது மனுஷி போடுத சட்டை" என்றாள். கடையைத் திறப்பதற்காக இதை எழுதவில்லை. இந்த வருஷக் கோடை பாதி போய்விட்டது. யூசுப் மனம் மாறுவார் என்றும் நான் நினைக்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது உன் கடைசிக் கடிதத்தைப் பற்றித்தான் யோசித்தேன். உனக்கு நான் இதுவரை எழுதிய கடிதம் எல்லாவற்றிலும் நீ எப்போது வருவாய் என்றுதான் கேட்டிருக்கிறேன். சாரல் சீசனுக்கு வா, கல்யாணத்துக்கு வா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. நான் வருகிறேன் என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. நீ வருவதற்கு யூசுப் சம்மதிக்க வேண்டும், பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும், கடை நிற்க வேண்டும். எனக்கு என்ன தடை? அலமாரியில், பட்டுச்சேலைக்குக் கீழே, ஒரு முத்திரைகூட விழாத என் பாஸ்போர்ட் கிடக்கிறது. நாலு வருஷத்துக்கு முன் சிங்கப்பூர் போகலாம் என்று அவர் எடுத்தது. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் எடுத்துப் பார்த்தேன். இன்னும் ஆறு வருஷம் செல்லும்.

கல்லூரி விடுமுறையில் பத்து நாள் லீவு கேட்பேன். மூன்று சட்டையும் கொண்டுவருவேன். ஏசி வேண்டாம். மத்தியானம் உன் வீட்டுத் தெருவில் இறங்கி இரண்டு பேரும் நிற்போம். சரியில்லை என்றால் சரியில்லை என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகும் நீ என்னோடு பேசவில்லையென்றால், எனக்குத் திரும்பி வர வழி தெரியும்.

அவரிடம் சொல்லவில்லை. ஜெபமலரிடமும் சொல்லவில்லை. இதை உனக்கு அனுப்புவதா, நேரில் வந்து கதவைத் தட்டுவதா என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. வருவது முடிவாகிவிட்டது.

உன்,
அனுசியா