தூக்கிய கை

அன்பு மகள் சங்குக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே நலம். அங்கே நீ நலமா என்று கேட்பதுதான் முறை. நலமில்லை என்று தெரிந்துகொண்டே கேட்டால் அது கேள்வி ஆகாது. அதனால் விட்டுவிடுகிறேன்.

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். என்ன செய்வது? டாக்டர் உன்னைப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்கோ பக்கத்தில் வந்து காதுக்குள் கத்தினால்தான் ஏதோ கேட்கும். பேசக் கூடாத மகளும் கேட்காத அப்பனும் வேறு எப்படித்தான் பேசிக்கொள்வது?

அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைப் போலத்தான். வீடு முழுக்கத் தைல வாசனை. மர மில்லுக்கு நான் இப்போது தினமும் போவதில்லை. ரம்பத்துக்குப் பல் தீட்ட ஆள் வராத நாளில் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். முதலாளி தன் நாற்காலிக்குப் பின்னால் உன் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார். நீயும் உன் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமை மில் கொட்டகையில் கிடாரை வைத்துக்கொண்டு பாடிப் பார்க்கிறோம் என்று மெயின் லைனிலேயே ஒயரைச் செருகி, ஃப்யூஸைப் போக்கி, மறுநாள் வேலையையும் கெடுத்தீர்களே, அன்றைக்கு வானத்துக்கும் பூமிக்கும் குதித்த அதே மனிதர்தான். இப்போது மரம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், நம்ம மில்லுல வளர்ந்த பொண்ணுங்க, நான்தான் இடம் கொடுத்தேன் என்று பீற்றிக்கொள்கிறாராம். அம்மாதான் சொன்னாள். எனக்கு அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது.

சரி, சுற்றி வளைத்தது போதும்.

உன் குழுவில் டிரம்ஸ் அடிக்கும் தம்பி போன் செய்தான். அம்மா கேட்டுவிட்டு என் காதில் கத்தினாள். வழக்கம்போல எனக்கு முன்னால் எதிர்வீட்டுத் தையல்காரருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உன் குரல் நாணில் ரத்தம் கட்டியிருக்கிறதாம். மாதக் கணக்கில் வாயே திறக்கக் கூடாதாம். இந்த நிலையில் மேடை ஏறிக் கத்தினால் பாட்டு மட்டுமில்லை, பேச்சே வெறும் காற்றாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். நீயோ வருகிற சனிக்கிழமை அந்தப் பெரிய மைதானத்தில் பாடியே தீருவேன் என்று நிற்கிறாயாம். யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாம்மா, அப்பா ஒரு வார்த்தை சொன்னா நிப்பா என்று அந்தத் தம்பி அழாத குறையாகச் சொன்னானாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன்னைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, போனை நானே வாங்கிப் பேசினேன். மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பாடாதே கண்ணு, வேண்டாம், ஒரு வருஷம் சும்மா இரு, அப்பா சொல்றேன் என்று தொண்டை வறளும் வரை கத்தினேன். கடைசியில் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டுத் தலையை ஆட்டினாள். என் முதல் வார்த்தையிலேயே நீ எழுந்து வெளியே போய்விட்டாயாம். மிச்சம் முழுவதையும் நான் அந்தத் தம்பியிடம்தான் கத்தியிருக்கிறேன். பாவம், அவன் ஒரு வருஷம் பாடமாட்டான்.

நீ ஒரு சீட்டில் எழுதி அவனிடம் கொடுத்தாயாமே. அப்பா அப்படிச் சொல்ல மாட்டார், அம்மா சொல்லச் சொல்லிச் சொல்கிறார் என்று. அதைக் கேட்டதும் அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். உன் பாட்டு விஷயத்தில் இந்த வீட்டில் நான் ஒரு கட்சி, அவள் ஒரு கட்சி என்று நீ சின்ன வயதிலிருந்தே முடிவு கட்டி வைத்திருக்கிறாய். அது முழுப் பொய்யும் இல்லை.

உனக்குச் சங்கு என்று பேர் வைத்தது யார் தெரியுமா? மில் ஆட்கள்தான். வேலை நேரத்துக்கு ஊத நம் மில்லுக்குச் சங்கு கிடையாது. தொட்டிலில் கிடந்து நீ பசித்து அழுதால், அடுத்த சந்திலிருந்து ரம்பத்தின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். சாப்பாட்டு நேரம் ஆச்சுடா என்று மெஷினை நிறுத்துவார்கள். நீ கொஞ்சம் சீக்கிரம் அழுத நாளில் முதலாளி கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் உன்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார். பிறகு வாசலுக்குத் தள்ளினார். மற்ற பிள்ளைகள் பாடுவது கேட்கவில்லையாம். நீ அழுதுகொண்டு மில்லுக்கு வந்தாய். அதற்குப் பிறகு தினமும் பள்ளி விட்டதும் வந்து பலகை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாய். ரம்பம் சும்மா சுற்றும்போது ஒரு சத்தம், மரத்தைக் கடித்ததும் ஒரே ஏற்றமாய் ஏறுகிற சத்தம். நீ அதே சுருதியில் சேர்ந்து ஏறுவாயாம், உன் குரல் தனியாகத் தெரியாமல் ரம்பத்தோடு கலந்துபோகும். இதெல்லாம் நீ பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பார்த்தது நீ வாயைத் திறந்து திறந்து மூடுவதை மட்டும்தான். பிள்ளைக்குத் தூக்கம் போதவில்லை, கொட்டாவி விடுகிறது என்று நினைத்தேன். இரவு சீக்கிரம் படுக்கவை என்று அம்மாவிடம் சண்டை கூடப் போட்டிருக்கிறேன்.

பிறகு அந்தக் கரண்ட் போன நாள். ரம்பம் மெல்ல ஓய்ந்தது, உன் குரல் ஓயவில்லை. தெருவே அமைதியாகி, நடுவில் நீ மட்டும் உச்சத்தில் நின்றாய். தையல்காரர் கழுத்தில் டேப்போடு மில் வாசலுக்கே வந்துவிட்டார். டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பெற்ற பிள்ளையின் பாட்டை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்கிறேன். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் உன் முகம் சிவந்தது, வாய் மூடப் போனது. மில்லில் ரம்பத்தை ஓட்டச் சொல்வதுபோல நான் கையை உயர்த்திச் சுற்றிக் காட்டினேன். ஓட்டு என்று.

நீ ஓட்டினாய். இன்று வரை ஓட்டிக்கொண்டிருக்கிறாய். மேடையில் நீ குழுவைப் பார்த்துக் கையைச் சுற்றுவதை ஏதோ புது ஸ்டைல் என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். நானும் அம்மாவும் சிரித்தோம். அன்றைக்கு நான் கை சுற்றியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அம்மா இப்போது சொல்கிறாள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொரு தடவை அந்தக் கரண்ட் போனாலும் அதைத்தான் செய்வேன்.

உன் கேசட்டைப் போட்டால் இப்போது எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. நான் உனக்குப் பலகைத் துண்டில் செய்து கொடுத்த ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறேன். நீ ஏறுகிற இடம் கைக்குத் தெரியும்.

மில்லில் இன்னொரு கைச் சைகையும் உண்டு. அது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முஷ்டியை மடக்கித் தலைக்கு மேல் தூக்கினால், நிறுத்து. தூக்கியவன் நேற்றுச் சேர்ந்தவனாக இருந்தாலும் சரி, முதலாளியாக இருந்தாலும் சரி, ஏன் என்று கேட்கக் கூடாது. முதலில் ரம்பம் நிற்க வேண்டும், கேள்வி அப்புறம். அதனால்தான் எங்கள் மில்லில் எல்லாருக்கும் பத்து விரலும் இருக்கிறது.

நேற்று அந்தத் தம்பி திரும்ப போன் செய்தபோது, அப்பா கையைத் தூக்கிவிட்டார் என்று உன்னிடம் சொல்லும்படி அம்மா மூலம் அவனுக்குச் சொல்ல வைத்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லையாம். ஆனால் உனக்குப் புரிந்ததும் உன் முகம் மாறிவிட்டதாம். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் நீ இன்னொரு சீட்டு எழுதினாய். கண்ணால் பார்த்தால்தான் நிறுத்துவோம், யாரோ வந்து சொன்னால் நிறுத்த மாட்டோம், அப்பாவுக்கே தெரியும் என்று.

தெரியும். அந்தச் சத்தத்தில் வாய்ச் சொல் ஒன்று இன்னொன்றாகிவிடும் என்பதால் நாங்களே வைத்த சட்டம் அது. என் சட்டத்தையே எடுத்து என் வாயை அடைத்துவிட்டாய். கடல் தாண்டி இருக்கிறாய். இல்லையென்றால் இந்நேரம் அந்த மைதானத்து வாசலில் நிற்பேன். பாஸ்போர்ட்டுக்கு என்ன வழி என்று முதலாளியைக் கேட்டேன். அவர் சனிக்கிழமைக்குள் நடக்காது என்று கையை விரித்துவிட்டார்.

நீ ஏன் பாடுகிறாய் என்பதும் எனக்குப் புரிகிறது. நின்றுவிட்டால் மறுபடி ஓடுமா என்கிற பயம். எனக்கும் காது போகத் தொடங்கியபோது அதே பயம்தான். ஒரு நாள் லீவு போடாமல் போனேன். போனது போனதுதான், லீவு போடாததால் ஒன்றும் மிஞ்சவில்லை.

இதுவரை எழுதி, ஒட்டி, தபால் ஆபீசுக்கு எடுத்துப் போனேன். சனிக்கிழமைக்குள் போய்ச் சேருமா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை என்று காதைக் காட்டினேன். அவர் சுவரில் இருந்த காலண்டரில் அடுத்த வாரத்தின் கடைசியைத் தொட்டுக் காட்டினார். நல்ல மனிதர், இரண்டு தடவை காட்டினார். கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதனால் கண்ணு, இதை நீ படிக்கும்போது சனிக்கிழமை முடிந்திருக்கும். நீ பாடியிருப்பாய், அல்லது பாடாமல் இருந்திருப்பாய். உன் குரல் இருக்கிறதா இல்லையா என்பது இதைப் படிக்கிற உனக்குத் தெரியும். எழுதுகிற எனக்குத் தெரியாது. இருந்தாலும் அனுப்புகிறேன், வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

குரல் இருந்தால் வீட்டுக்கு வா. போய்விட்டிருந்தாலும் வீட்டுக்கு வா. இந்த வீட்டில் பேச்சில்லாமல் பேச எல்லாருக்கும் தெரியும். கூடவே அம்மாவைக் கோபிக்காதே. பாடாதே என்று நான் சொன்னது அவள் சொல்லி இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

தூக்கிய கையை எப்போது இறக்குவது என்பதும் உனக்கு நினைவிருக்கும். ரம்பம் நின்று, ஓட்டுகிறவன் திரும்பித் தன் கையைத் தூக்கிக் காட்டுகிற வரைக்கும் இறக்கக் கூடாது. இதை நான் வலது கையால் எழுதுகிறேன். இடது கை மேலே இருக்கிறது. கோஷம் போடுகிறவன் மாதிரி என்ன இது என்று அம்மா முதலில் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. வலித்தால் முழங்கைக்குக் கீழே தலையணையை முட்டுக் கொடுக்கிறாள்.

நன்றாக இரு, சங்கு. வந்து இந்தக் கையை இறக்கி விடு.

இப்படிக்கு,
உன் அப்பா