ஒரு பக்கம் லேசா இருக்கு

அக்கா,

நாளை கிளினிக்கில் பிள்ளைக்கு எடை பார்க்கும் நாள். அதற்காக அவள் பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். டயப்பர், மாற்றுத்துணி, கிளினிக் புத்தகம், காய்ச்சல் பார்க்கும் கருவி. எல்லாம் இருக்கிறதா என்று மூன்றாவது முறையாகப் பார்க்கும்போது, நீங்கள் கொடுத்த கருநீலச் சிறு பையின் உள்ஜிப்பைத் திறந்தேன். இத்தனை நாளில் அதைத் திறந்ததே இல்லை. முதலில் லாவெண்டர் வாசம் வந்தது. நம் பெக்டரியின் கீழ்த்தளம் முழுக்க அடிக்குமே, அதே கை கிரீம் வாசம். பிறகு விரலில் ஒரு துண்டுச் சீட்டு தட்டுப்பட்டது. கட்டைவிரல் அளவுதான். 'சோதித்தவர் எண் 14.'

பதினான்கு நீங்கள்தான்.

நீங்கள் போய் ஐந்து வாரம் ஆகிறது. பெக்கான் நானாஸில் உங்கள் தம்பியின் அன்னாசிக் கடையில் உட்கார்ந்திருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்களாம். தம்பி போன் செய்தார். நான் வரவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று அம்மா தடுத்தார். அன்று பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டது என்பதும் உண்மை. கருமாதிக்காவது வந்திருக்கலாம். வரவில்லை. உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சுமந்துகொண்டு உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை சற்று முன்தான் கண்ணை மூடினாள். எந்த நேரமும் எழுந்துவிடுவாள்.

செனாயில் நாம் என்ன வேலை பார்க்கிறோம் என்று யாராவது கேட்டால் நீங்கள் சொல்லும் பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். "பணக்காரவங்க ஆகாயத்துல பல்லு வெளக்கறதுக்கு நாங்க கீழ சாமான் கட்டறோம்." அதைவிடச் சுருக்கமாக நானும் சொன்னதில்லை. விமானத்தின் முன்பகுதியில், படுக்கையாக விரியும் இருக்கைகளில் போகிறவர்களுக்குக் கொடுக்கும் பை. பட்டப்படிப்பு முடித்துவிட்டு வந்த நான் மேல்மாடியில் கணினி முன்னால். நீங்கள் கீழே, நீள மேசையின் கடைசி முனையில். நான் சேர்ந்த வருடம் அந்தப் பைக்குள் பதினொரு சாமான்கள் போகும். கண்பட்டி, காதடைப்பான், சாக்ஸ், சீப்பு, சிறு கண்ணாடி, பிரஷ், பற்பசை, லிப் பாம், கை கிரீம், ஈரத்துணி, கடைசியில் தடித்த வரவேற்பு அட்டை. மேசை ஓரமாகப் பதினொரு பேர், ஆளுக்கு ஒன்று வைப்பார்கள். பை உங்களிடம் வந்து சேரும். இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி ஒரு கணம் நிறுத்துவீர்கள். அப்புறம் உங்கள் எண் போட்ட சீட்டைச் செருகி, ஜிப்பை இழுத்து, தராசுப் பக்கம் தள்ளுவீர்கள்.

அந்த லிப் பாம் விஷயத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எதற்கோ கீழே இறங்கி வந்தேன். என்னைப் பார்த்ததும் கை அசைத்துக் கூப்பிட்டீர்கள்.

"ஆபிசம்மா, இங்க வா. இது ஒரு பக்கம் லேசா இருக்கு."

"தராசு சரின்னுதானே காட்டுது, கா?"

"திம்பாங் மொத்தமா பாக்கும் லா. நான் பக்கம் பக்கமா பாக்கறேன். பிரிச்சுப் பாரு."

பிரித்தோம். லிப் பாம் இல்லை. வரவேற்பு அட்டை இரண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தது. கூடுதலாகப் போன அட்டை எடையைச் சரிக்கட்டிவிட்டது. தராசு பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து அடுக்கிய பெட்டிகள் எல்லாவற்றையும் அன்று பிரித்துக் கொட்டினோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். "நல்லவேள. மேல ஒருத்தன் உதடு வெடிச்சிப் பறந்திருப்பான்."

பிறகு குறைக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் விமானக் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வரும். அதை அச்செடுத்துக்கொண்டு இரும்புப் படியில் நான் இறங்கும் சத்தம் கேட்டாலே நீங்கள் குரல் கொடுப்பீர்கள். "என்ன ஆபிசம்மா, இன்னைக்கு எதத் தூக்கப் போறீங்க?"

முதலில் சீப்பு. அடுத்தது கண்ணாடி. கெட்டிப் பெட்டி போல் இருந்த பை, துணிப் பையானது. அந்தத் துணியும் வருடத்துக்கு வருடம் மெலிந்தது. கை கிரீம் குழாயிலிருந்து கிள்ளி எறியும் பொட்டலத்துக்கு வந்தது. விமானத்துக்குள்ளும் அப்படித்தான் என்று சாமான் ஏற்ற வரும் லாரிக்காரர் சொல்வார். கழிவறையில் வைக்கும் பூவை எடுத்துவிட்டார்களாம். அச்சடித்த சாப்பாட்டு அட்டை போய், போனில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்களாம். இடுக்கியால் எடுத்துக் கொடுக்கும் சூடான துண்டுக்குப் பதில் பொட்டல ஈரத்துணியாம். அந்தப் பொட்டலத்தை நாம்தான் கட்டினோம் என்பதால் ஒரு வருடம் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கடிதங்களில் எங்கேயும் குறைத்தோம் என்ற வார்த்தை இருக்காது. மெருகூட்டப்பட்ட அனுபவம், பயணிகளின் விருப்பம், சுற்றுச்சூழல் அக்கறை என்றுதான் இருக்கும். சாக்ஸை எடுத்தபோது அதை அப்படியே உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். கையிலிருந்த பையின் ஜிப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்தீர்கள்.

"பூமிக்கு நல்லதுன்னா நல்லதுதான். ஆனா அவங்க சாக்ஸ் போட்டா பூமிக்கு எங்க வலிக்குது?"

எல்லோரும் சிரித்தோம். சாக்ஸ் வைத்துக்கொண்டிருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. சீப்பு போனபோது சீப்பு வைத்தவர் போனார். கண்ணாடி போனபோது கண்ணாடி வைத்தவர். மேசையில் ஒரு சாமான் என்றால் ஒரு நாற்காலி. அது அந்தக் கடிதங்களில் எழுதப்படாத பகுதி.

உங்கள் வாழ்நாளில் நீங்கள் விமானம் ஏறியது ஒரே முறை, பினாங்கில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு. மலிவு டிக்கெட். தண்ணீருக்கே தனியாகக் காசு கேட்டார்கள் என்று திரும்பி வந்து ஒரு வாரம் புலம்பினீர்கள். "சீட்டுக்கு முன்னால கைய விட்டு விட்டு தேடறேன் ஆபிசம்மா, நம்ம பையக் காணோம். வாந்தி எடுக்கற பைதான் இருக்கு. அதுலயும் யாரும் நம்பர் போடல." அந்த முன் இருக்கைகளை நானும் பார்த்ததில்லை. இறங்கும்போது திரைச்சீலை விலகியிருந்த இடைவெளியில் எட்டிப் பார்த்தீர்களாம். ஒரு பை பிரிக்கப்படாமல் தரையில் கிடந்ததாம். அது நம்முடையது இல்லை, வேறு யாரோ கட்டியது என்றாலும் குனிந்து எடுக்கக் கை போனது என்றீர்கள்.

இனி சொல்ல வேண்டியது.

போன வருடம் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்னும் ஏதாவது குறைத்தால்தான் ஒப்பந்தம் நிற்கும் என்றார். பயணிக்குத் தெரியாமல் எதை எடுக்கலாம், ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு என்றார். வயிற்றில் பிள்ளை தங்கிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்காரர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போகிறவர். அங்கேயும் ஆள் குறைக்கிறார்கள் என்ற பேச்சு. அடுத்து என்னை எடுத்துவிட்டால் என்ற பயத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பையில் எடுக்க எதுவும் மிச்சமில்லை. அதனால் மேசையில் தேடினேன். எழுதினேன்: 'இறுதிக் கைச் சோதனை தேவையில்லை. தராசு தவறுவதில்லை.'

தராசு தவறும் என்று எனக்குத் தெரியும், அக்கா. அன்று பிரித்துக் கொட்டிய பெட்டிகளுக்கு நடுவில் அழுதுகொண்டு நின்றவள் நான்தானே. தெரிந்தே எழுதினேன். மேனேஜர் நன்றி சொன்னார். மேலிடத்து உத்தரவு என்று உங்களிடம் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன். கடைசி நாளன்று எல்லோருக்கும் அன்னாசி பிஸ்கட் கொடுத்தீர்கள். என் கையில் ஒரு டப்பாவை வைத்து, "மேல பத்திரமா இரு, ஆபிசம்மா" என்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்காமல் டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளை நாள் ஆவதற்கு முன்பே பிறந்தாள். சின்னதாக, சிவப்பாக. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தும் எடை ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி தராசில் போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவார். பாலூட்டி முடித்தால் எத்தனை நிமிடம் குடித்தாள் என்று எழுதி வைத்தேன். அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். அந்த நிலையில்தான் ஒரு நாள் நீங்கள் வந்தீர்கள், இரண்டு கையிலும் அன்னாசிப் பழத்தோடு.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "பிள்ள பெத்தவளுக்கு யாராச்சும் அன்னாசி கொண்டு வருவாங்களா?"

"அலமாக், அவளுக்கு இல்லம்மா. மருமவனுக்கு. அவரு என்ன, பத்தியமா இருக்காரு?"

அம்மாவே சிரித்துவிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து பிள்ளையை வாங்கினீர்கள். எல்லோரும் போல் நெஞ்சோடு அணைக்கவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, ஒரு கணம் அப்படியே நிறுத்தினீர்கள். எனக்கு அந்த மேசை தெரிந்தது. எடை ஏறவே இல்லை கா, மிஸ்ஸி பயப்படுத்துறாங்க என்றேன்.

"அவங்க திம்பாங்ல பாக்கறாங்க, பாக்கட்டும். போகாம இருந்துடாத. ஆனா ரெண்டு பக்கமும் சரியா இருக்கு. உள்ள எல்லாம் இருக்கு. ஒண்ணும் மிஸ்ஸாவல."

பிறந்ததிலிருந்து அன்று மதியம்தான் நான் ஒரு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினேன்.

போகும்போது இந்தக் கருநீலப் பையைக் கொடுத்தீர்கள். பதினொரு சாமான் போன காலத்துப் பை. ஜிப்பில் சிறு சொட்டை இருந்ததால் கழித்துப் போட்டது. உள்ளே பிள்ளைக்குக் கையுறை இரண்டு, ஒரு குல்லாய். வேண்டாமென்று தள்ளிய விமான சாக்ஸை வெட்டித் தைத்தது. "அவங்களுக்கு வேணாம்னா போவுது. இவளுக்கு ஆவும்." அந்தக் குல்லாய்தான் இன்றும் அவள் தலையில் இருக்கிறது. கொஞ்சம் இறுக ஆரம்பித்துவிட்டது.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"என்னமோ சொல்ல வர. சொல்லு."

"ஒண்ணும் இல்ல, கா. தூக்கம் இல்ல, அதான்."

"சரி, தூங்கி எழுந்து சொல்லு."

அவ்வளவுதான் நாம் பேசியது. மறுவாரம் சாப்பிட்டாயா என்று போனில் கேட்டு எழுதியிருந்தீர்கள். சாப்பிட்டேன் என்று பதில் போட்டேன். பிறகு உங்கள் தம்பியின் போன்தான் வந்தது.

நான்கு கிராம் லிப் பாம் இல்லாததைப் பிடித்த உங்களுக்கு, என்னிடம் என்ன குறைகிறது என்று தெரியாமலா இருந்திருக்கும்? இத்தனை நாள் இதைத்தான் மனதுக்குள் அரைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்து வந்தீர்களா, தெரியாமல் வந்தீர்களா? இந்தச் சீட்டைப் பார்த்த பிறகும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை. கழித்துப் போடும் பையில் நீங்கள் சீட்டு செருகியதில்லை. உங்கள் மேசையை எடுத்த பின் அந்தச் சீட்டையே யாரும் அச்சடிப்பதில்லை. மிச்சமிருந்த ஒன்றை எங்கோ பத்திரமாக வைத்திருந்து, என் பிள்ளையின் பையில் போட்டிருக்கிறீர்கள். அது மட்டும் தெரிகிறது.

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். மேனேஜர் இன்று கடிதம் அனுப்பியிருக்கிறார். இனி பையே கிடையாதாம். பணிப்பெண்கள் ஒரு கூடையைக் கொண்டு போவார்களாம். வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்வாராம். கூடைக்குச் சாமான் பிரித்து அடுக்க இருக்கிற ஆட்களில் எத்தனை பேர் போதும் என்று நான்தான் எழுதித் தர வேண்டுமாம், வந்த அன்றே. என்னிடமிருந்து இப்படிப்பட்ட காகிதம் நல்லபடியாக வரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் எழுதினேன். போன வருடம் நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று எழுதினேன். தராசு ஒரு முறை தவறியது, அதைக் கையால் கண்டுபிடித்தவர் பதினான்காம் எண், அது எனக்குத் தெரிந்தும் மறைத்தேன் என்று எழுதினேன். எத்தனை பேர் போதும் என்ற கணக்கை நான் தர மாட்டேன் என்றும் எழுதி, அனுப்பிவிட்டேன். அதனால் எதுவும் நிற்கப்போவதில்லை. கூடை வரத்தான் போகிறது. திங்கட்கிழமை முதல் கேள்வி எனக்குத்தான். ஒருவேளை இந்த முறை தூக்கப்படுவது நானாகவும் இருக்கலாம். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் எழுந்து கிளம்புவதற்குள் சொல்ல வேண்டும்.

சீட்டை அதே உள்ஜிப்பில் போட்டு மூடிவிட்டேன். நாளை அது அவளோடு கிளினிக்குக்கு வரும். மிஸ்ஸி அவர் தராசில் போட்டுப் பார்க்கட்டும்.

இதை எழுதும்போதே பிள்ளை ஒரு முறை சிணுங்கினாள். எழுந்து போய், உங்களைப் போல இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி நிறுத்திப் பார்த்தேன். எத்தனை கிலோ என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை வலித்தது, போன வாரம் இப்படி வலிக்கவில்லை. அப்படியே மறுபடி தூங்கிவிட்டாள்.

தூங்கி எழுந்து சொல்லச் சொன்னீர்கள். நான் இன்னும் தூங்கவில்லை, அக்கா. ஆனாலும் சொல்லிவிட்டேன்.