கதையில் வராத கணவன்

ஜூன் 20, 2024, வியாழன்
அப்பா வந்துவிட்டார். சத்தீஸ்கரில் மழை பிடித்துக்கொண்டது, போர்வெல் போடும் வேலை இல்லை. ரிக் வண்டியைத் திருச்செங்கோட்டில் நிறுத்திவிட்டார். இனி இரண்டு மாதம் வீட்டில்தான்.

"நல்லாருக்கியா சாமி?"
"ம்."
அம்மா டெங்குவில் போனபின் இந்த ஆறு வருடமும் எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

ஜூன் 22, சனி
எம்.ஏ. ப்ராஜெக்டில் மூன்றாம் அத்தியாயம் திரும்பி வந்துவிட்டது. வைவா தேர்வு ஜூலை 5. நான் எடுத்தது விக்டோரியா காலத்துத் துயர நாவல் ஒன்று, அதில் கதை சொல்லும் உத்திகள். கதையைச் சொல்வது பக்கத்து வீட்டுக்காரி. நாயகி காய்ச்சலில் சாகிறாள். கப்பல் வேலைக்குப் போன கணவன் அடக்கம் முடிந்தபின் வருகிறான். "வந்தான், ஒன்றும் பேசவில்லை" என்று ஒரே வரி. அவன் கல்நெஞ்சக்காரன் என்று நான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன்.

என் கைடு உஷாராணி மேடம் ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்: "வெண்ணிலா, இது கதை சொல்பவளுக்குத் தெரியுமா? அல்லது உன் அனுமானமா?"

எரிச்சலாக வந்தது. ஆனால் ப்ராஜெக்டின் எண்பது பக்கத்தையும் வரி விடாமல் படித்திருக்கிறார், யார் படிப்பார்கள் இப்படி? நன்றிகூடச் சொல்லாமல் வந்தேன். கழுதை நான்.

ஜூன் 23, ஞாயிறு
"என்ன கதைன்னு இந்தப் பாடு படறே?" என்றார் அப்பா. வேண்டாவெறுப்பாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"அந்தக் கப்பக்காரன் வழியில என்ன பண்ணுனான்? எழுதலையா?"
"பக்கத்து ஊட்டுக்காரி பாத்தது மட்டுந்தான்ப்பா வரும்."
"அப்ப அவனை யாருமே கேக்கலைன்னு சொல்லு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "நேரத்துக்கு வராதவனை என்னத்தக் கேக்கறது? நீங்களுந்தான் அம்மா போய் மூணாம் நாள் வந்தீங்க. ஒரு வார்த்தை பேசுனீங்களா?"

எழுந்து போய்விட்டார். ஐயோ, ஏன் சொன்னேன்?

ஜூன் 24, திங்கள்
காலையில் டீயோடு எதிரே வந்து உட்கார்ந்தார் அப்பா.

"சேதி வந்தப்ப ரயிலு கெடைக்கல சாமி. சிமெண்ட் லாரில ஏறுனேன். காளிதாஸ்னு சேலத்து டிரைவரு. தூக்கம் வருது, எதாச்சும் பேசீட்டே வாங்கண்ணான்னாரு. உங்கம்மாளப் பொண்ணு பாக்கப் போனதுல இருந்து சொன்னேன். ரெண்டு நாளு. அழுதழுது அத்தனையுஞ் சொல்லிப்போட்டேன். நம்மூட்டு வாசல்ல எறங்கறப்ப எங்கிட்ட ஒரு பேச்சும் மிச்சமில்ல."

அம்மாவின் முழுக்கதை யாரோ ஒரு லாரி டிரைவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது! நான் கேட்டதே இல்லையே. பக்கத்து வீட்டுக்காரியைவிட மோசம் நான் —

அழுதேன். அப்பா என் தலையில் கை வைத்தார். அந்தக் காளிதாஸ் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஜூன் 30, ஞாயிறு
நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். கதை சொல்பவளின் ஜன்னலுக்குத் தெரியாதது எவ்வளவு என்று புதிதாக எழுதினேன். பக்கம் பதினொன்று ஆகிவிட்டது. எழுதி முடிக்கும்வரை அடுப்படியை அப்பாதான் பார்த்தார். ரசத்தில் உப்பு கரித்தது. இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டேன்.

ஜூலை 5, வெள்ளி
வைவாவில் வெளித்தேர்வாளர் அதே இடத்துக்கு வந்தார். "கணவன் கல்நெஞ்சனா?"
"தெரியாது சார். அவனை யாரும் கேட்கவில்லை."
பாஸ். உஷாராணி மேடத்துக்கு இரண்டு தடவை நன்றி சொன்னேன். "ஒரு தடவை போதும்டி" என்று சிரித்தார்.

செப்டம்பர் 18, புதன்
அப்பா மறுபடி சத்தீஸ்கரில். நானூறு அடியில் நல்ல தண்ணீராம். போன் போட்டது நான்தான். பேச ஆரம்பித்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

"போனை வெச்சரட்டா சாமி?" என்றார்.
"இருங்கப்பா. இன்னுங் கொஞ்ச நேரம் பேசுங்க" என்றேன்.