பாலத்தைப் பொருத்தனை பண்ணிய அண்ணனுக்கு

என்னிடம் சண்டை போட்டே பாசம் காட்டிய என் அண்ணனுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்கமாட்டேன். நீ தப்பித்துவிட்டாய். மாட்டிக்கொண்டது நான்.

தேர்தல் வந்துவிட்டது. போன திங்கள்கிழமை உன் கட்சியின் ஒன்றியச் செயலாளர் நாலு பேரோடு வீட்டுக்கு வந்தார். நான் மெஷினில் ஒரு பிளவுசுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். "தங்கச்சி, உன் அண்ணன் இல்லாத குறை எங்களுக்குத்தான் தெரியும்" என்றார். நீ போய் எட்டு மாசமாகிறது. அந்தக் குறை தெரிந்து இதுவரை ஒருத்தரும் இந்தப் படி ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேட்பாளர் வருகிறாராம். ஜீப்பில் நானும் நின்று கும்பிட வேண்டுமாம். உன் படம் போட்டு பிளெக்ஸ் அடித்தாயிற்றாம். கையில் நோட்டீஸ் தந்தார். அதில் மூன்றாவதாக என்ன போட்டிருந்தது தெரியுமா? மறுகரைக்குப் பாலம்.

எனக்குச் சிரிப்பு வந்தது அண்ணா. அவர்கள் போன பொறவு அழுதேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும்லா. சுசீந்திரத்தைத் தாண்டி வயலுக்கு நடுவில் நம் ஊர். ஊரை இரண்டாகப் பிரித்து ஓடை போகிறது. அந்தப் பக்கத்து நாற்பது வீடுதான் மறுகரை. போக வர ஒரு தரைப்பாலம். குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தப் பாலத்துக்கு மேலே தண்ணீர் போகும். இரண்டு நாளோ மூன்று நாளோ, மறுகரை ஆட்கள் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். உயரமான பாலம் கட்டித் தருவோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்வார்கள்.

போன தேர்தலில் மறுகரைக்காரர்கள் உன்னிடமே சொன்னார்கள், "பாலத்தைச் சொல்லிக்கிட்டு இந்தப் பக்கம் வராண்டாம்" என்று. உனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வருஷத்து அசன விருந்தில், கோயில் முற்றத்தில் சபை முழுக்க வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த நேரம், ஆண்டவருக்குப் பொருத்தனை நேர்கிறவர்கள் எழுந்து சொன்னார்கள். பிள்ளைக்கு விசா கிடைத்தால் அடுத்த அசனத்துக்கு ஒரு மூட்டை அரிசி, பேரன் பிறந்தால் கோயிலுக்கு நாற்காலி, இப்படி. நீயும் எழுந்தாய். "நம்ம கட்சி ஜெயிச்சா, அடுத்த அசனத்துக்குள்ள மறுகரைக்குப் பாலம். இது என் பொருத்தனை" என்றாய்.

போதகர் உன்னை ஒருமாதிரிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து நான் குதித்தது நினைவிருக்கா? "கட்சிக்காரன் சொன்னதைக் கொண்டுபோய் ஆண்டவர்கிட்ட வைக்கியா? பாலம் என்ன உன் சட்டைப் பையிலயா கெடக்கு?" நீ சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "ஏட்டி, எழுதியே தந்திருக்காவ. நீ சும்மா கெட."

நம்பினாய். உன் தப்பு அவ்வளவுதான். மறுகரை ஓட்டு மொத்தமாக விழுந்தது. கட்சியும் ஜெயித்தது. ஒருநாள் அளக்க வந்து, சிவப்புப் பெயின்ட் அடித்த நாலு கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். இப்போது அதில் ஆடு கட்டுகிறார்கள். பைல் மேலே போயிருக்கு, மேலே போயிருக்கு என்று அலைக்கழித்தார்கள். கடைசியில் உன் போனையே எடுக்காமல் விட்டார்கள். அடுத்த அசனத்தில் நீ சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு விளம்பிக்கொண்டே இருந்தாய். பந்தியில் உட்காரவே இல்லை. யாரும் உன்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ சாப்பிட்டிருப்பாயோ?

அதுக்கு அடுத்து வந்த ஒரு மழையில்தான் மறுகரை தங்கம் அக்கா வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நாள் வந்தது. பாலத்துக்கு மேலே இடுப்பளவு தண்ணீர். அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ஆறு பேர் தூக்கினீர்கள். நாற்காலியின் முன்காலைப் பிடித்தது நீ. கரையேறினதும் ஈர வேட்டியோடு நின்று ஒவ்வொரு தலைவராகப் போனில் விளித்தாய். ஒருத்தரும் எடுக்கவில்லை. அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. பொறவு ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

செத்தவன் செலுத்தாத பொருத்தனை குடும்பத்துக்கு என்பது நம் சபை வழக்கம். கல்யாணமாகாத உனக்கு என்னை விட்டால் குடும்பம் யாரு? அரிசி என்றால் கொடுத்திருப்பேன். பாலத்துக்கு நான் எங்கே போவேன்?

செயலாளர் போகும்போது சொன்னார், "நீ வரலைன்னா அந்தப் பாலத்தை எல்லாரும் மறந்திர வேண்டியதுதான்." போனால் உன் முகத்தை வைத்து இரண்டாம் தரம் பொய் சொன்னவளாவேன். போகாவிட்டால் வருகிற பாலத்தைத் தடுத்தவளாவேன். புதன்கிழமை எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தார்கள். உன்னை ஏமாற்றினார்கள் என்று மைக்கில் சொன்னால் போதுமாம். அவர்கள் நோட்டீசிலும் பாலம் இருக்கிறது. இரண்டு நோட்டீசிலும் இருக்கிற பாலம் ஓடையில்தான் இல்லை.

செயலாளரைப் போனில் கூப்பிட்டு ஒன்று கேட்டேன். "அண்ணாச்சி, நான் ஜீப்புல ஏறுதேன். அதுக்கு முன்ன வேட்பாளர் மறுகரையில நின்னு, பாலம் கட்டல, இன்ன காரணத்தால கட்டல, தப்புதான்னு மைக்குல சொல்லணும்."

"அப்படிச் சொன்னா ஓட்டு விழுமா தங்கச்சி?"

"ஒருக்காவது சொல்லிப் பாத்திருக்கியளா?"

அவர் போனை வைத்துவிட்டார். கட்சிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கேளுங்கள்: நீங்கள் மேடையில் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடுகிறீர்கள். உங்கள் சொல்லை வீடு வீடாகக் கொண்டுபோனவன் அதே தெருவில்தான் இருக்கிறான், அதே கடையில்தான் பால் வாங்குகிறான். அவனை ஏன் கொல்கிறீர்கள்? முடியவில்லை என்றால் முடியவில்லை என்று வந்து சொல்லுங்கள். திட்டுவார்கள். திட்டை வாங்கிக்கொள்ளுங்கள். யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று ஒரு பேரையாவது விட்டுவிட்டுப் போங்கள். செய்யாததை அப்படியே மறுபடி அச்சடித்துக்கொண்டு வந்து நிற்காதீர்கள், வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையில் எழுந்து நின்றேன். "என் அண்ணன் பொருத்தனையை என்னால செலுத்த முடியாது. அவன் உங்களை ஏமாத்தல, அவனே ஏமாந்தான். அவனை விட்டிருங்க" என்றேன்.

தங்கம் அக்கா எழுந்தாள். சரி மக்கா என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"விடமாட்டோம் மக்கா" என்றாள். "அவன் மேல கோவம் ஒண்ணும் இல்ல. எங்க வீட்டு மனுசனைச் சுமந்தவம்லா. ஆனா பாலம் தாறேன்னு சொன்னவன் எவனும் இப்ப இல்ல. போய்க் கேட்டா, நானா சொன்னேன்னு கேப்பான். ஆமா, நான்தான் சொன்னேன்னு எங்க முன்னால தலையைக் குனிஞ்சு நின்னது உன் அண்ணன் ஒருத்தன்தான். அவனையும் விட்டுட்டா நாங்க யாரைப் பிடிச்சுக் கேப்போம்?"

மறுகரை ஆட்கள் எல்லாரும் ஆமா என்றார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் ஜீப் வந்தது. முன்னால் நீ பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாய், போன தேர்தலில் எடுத்த போட்டோ. படத்தைக் கழற்றாமல் வண்டி போகாது என்று குறுக்கே நின்றேன். செயலாளர் கத்தினார். வேட்பாளருக்கு அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது. "சவத்தைக் கழட்டிக் குடுங்கப்பா" என்று வேட்பாளரே சொன்னார். கொடுத்துவிட்டுப் பாலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே மறுகரைக்குப் போனார்கள்.

அண்ணா, பாலம் வரும் என்று உனக்கு நான் வாக்குத் தரமாட்டேன். நம் வீட்டிலிருந்து இனி ஒருத்தரும் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. ஆனால் எந்தக் கட்சி ஜெயித்தாலும் முதல் மாசமே மறுகரை ஆட்களோடு அந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்பேன். அவர்கள் கையை விரித்தால் அதையும் வந்து அசனத்தில் எழுந்து நின்று சொல்வேன். வருஷா வருஷம் சொல்வேன். இது சத்தியம்.

உன்னை அவர்கள் விடவில்லை அண்ணா. என்னையும்தான்.

உன் பொருத்தனையை உன் இடத்தில் நின்று சுமக்கிற,
உன் ஒரே தங்கச்சி.